துடிப்பானவர், இரவிலும் விழிப்பானவர்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதறேன். நாங்க இருக்கோம். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமா? உன் வயித்தெரிச்சல் எப்படி இருக்கு? மாத்திரை போட்டுக்கிறியே, அந்த வயித்தெரிச்சலைத்தான் கேட்கறேன்.

போன் பண்ணினா ரெண்டாவது நிமிஷமே "அக்கா, மீட்டிங்"னு வெச்சிடறே. லெட்டரை அப்படி வைக்க முடியாது பாரு, அதான் எழுதறேன்.

வயித்துல கட்டின்னு சொன்னேனே, டாக்டரம்மா பார்த்துட்டு ஆபரேஷன்தான்னு சொல்லிட்டா. வீட்டுல உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குக் கவுன் தைச்சுக் கொடுக்கறேன் இல்லையா, இப்ப நான் தைச்சதை நானே மாட்டிக்கப் போறேன். அளவு சரியா இருக்கும். அதுக்கப்புறம் மூணு மாசம் ஒரு குடம் கூடத் தூக்கக் கூடாதாம். குடம் போகட்டும், அப்பாவை யார் தூக்கறது? உன் மாமாவுக்கு வேன் ஓட்டி ஓட்டி முதுகு போச்சு.

அப்பாவைப் பத்தி உனக்குத் தெரியாம இல்ல, ஆனா நீ பார்த்து ரெண்டு வருஷமாச்சு. ராத்திரி தூங்கறதில்ல. படுக்கை நனையுது. இடது காது சுத்தமா அவுட். சாப்பாடு ஆறியிருந்தா தட்டு பறக்குது. ரயில்வே ஸ்டேஷன் மைக்கில காலமெல்லாம் கத்தின ஆளு, குரல் மட்டும் குறையவே இல்ல. மாமா வர லேட்டானா வாசல்ல நின்னு தெருவுக்கே அறிவிக்கிறார்: "மாப்பிள்ளை தாமதமாக வந்துகொண்டிருக்கிறார், சிரமத்துக்கு வருந்துகிறோம்." தெருவே சிரிக்குது. நானும் முதல்ல சிரிச்சேன். ஆறு வருஷமா எப்படிடா சிரிக்கறது?

மூணே மூணு மாசம் நீ வெச்சுக்கோ. அதுக்கப்புறம் நானே வந்து கூட்டிக்கறேன். மே மாசம் ஆபரேஷன். அதுக்கு முன்னாடி வந்து அழைச்சுட்டுப் போ.

உடம்பைப் பார்த்துக்கோ. காரம் குறைச்சுக்கோ.

அக்கா


பிப்ரவரி 21

அன்பு அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். மாமாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பைச் சொல்.

முதலில் நல்ல செய்தி. எங்கள் அமைப்பில் பிரசார வாசகம் எழுதும் பிரிவுக்கு என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். பெரிய வேலை ஒன்று தொடங்கியிருக்கிறோம். "ஒரு வீடு, ஒரு மூத்தவர்." துணை தேவைப்படும் பெரியவர்களை மனமுள்ள குடும்பங்கள் தங்கள் வீட்டுக்கே அழைத்துப் போய் வைத்துக்கொள்வார்கள். உன் ஊரிலும் கிளை திறக்கிறோம்.

பழைய போஸ்டர்களை நீ பார்க்க வேண்டும் அக்கா. அழுகிற கிழவி, காலித் தட்டு, "இவர்களைக் கைவிடாதீர்கள்!" பார்த்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். நான் வந்ததும் ஒரே சட்டம் போட்டேன். "இல்லை", "கூடாது", "வேண்டாம்", "நோய்", "தனிமை" எதுவும் எங்கள் எழுத்தில் வராது. "ஆதரவற்றவர்" என்று எழுத மாட்டோம், "ஆதரவை வரவேற்பவர்" என்போம். கேட்கவே எவ்வளவு இதமாக இருக்கிறது பார். மனிதர்களுக்குப் பாரத்தைக் காட்டினால் ஓடுவார்கள், பூவைக் காட்டினால் வருவார்கள்.

நீயும் முயன்று பார். உன் கடிதத்தில் எத்தனை "இல்ல", எத்தனை "கூடாது"! ஆபரேஷனை முடிவாக நினைக்காதே, புதுத் தொடக்கமாக நினை. எல்லாம் நல்லபடி அமையும். நான் எப்போதும் உன் பக்கம்தான்.

ஓய்வெடு. நிறையத் தண்ணீர் குடி.

அன்புடன்
தம்பி


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

பதவி உயர்வுக்குச் சந்தோஷம். மாமாவும் சொல்லச் சொன்னார். அப்பாகிட்ட வலது காதுல சொன்னேன். "என்ன வேலை?"ன்னார். "வாசகம் எழுதற வேலை"ன்னேன். "யாருக்கு?"ன்னார்.

லெட்டரை மூணு தடவை புரட்டினேன்டா. பூ இருக்கு, தொடக்கம் இருக்கு, தண்ணி இருக்கு. அப்பாவை அழைச்சுட்டுப் போறியா இல்லையாங்கறது மட்டும் காணோம். தலையைச் சுத்தி மூக்கைத் தொடறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், நீ தலையைச் சுத்திட்டு அப்படியே போயிட்டே.

நீ "இல்லை"ன்னு எழுத மாட்டே, உன் சட்டம். சரி, அப்ப "ஆமா"ன்னு எழுது. எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். ஒரு கார்டுல எழுதிப் போடு, போதும்.

உன் ஆளுங்க இங்கயும் வந்தாச்சு. பஸ் நிலையத்துக்கு எதிரே பேனர். வெள்ளைத் தலைமுடியோட ஒரு அம்மா சிரிக்கிறா, அத்தனை பல்லும் இருக்கு. "உங்கள் வீட்டில் ஒரு கதை குறைகிறதா?"ன்னு போட்டிருக்கு. எங்க வீட்டுல ஒண்ணும் குறையல, ஒண்ணு அதிகமாத்தான் இருக்கு.

வயித்தெரிச்சலுக்கு மோர் குடி.

அக்கா


மார்ச் 30

அன்பு அக்காவுக்கு,

நலமா? தாமதத்துக்கு மன்னித்துக்கொள். சுற்றுப்பயணம். என் உடம்பு பரவாயில்லை. அவளுக்கு மட்டும் கொஞ்சம் தலைவலி.

நீ கேட்டதைப் பற்றி நாங்கள் இருவரும் நிறையப் பேசினோம். எங்கள் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் என்பது கட்டடக்காரர் சொன்ன கதையோடு நின்றுவிட்டது. அவள் வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறாள், அறைக்குள் சத்தம் வந்தால் அவளுக்குச் சிக்கல். அப்பாவுக்கும் பழகிய இடம்தான் இதம். காலம் கனியட்டும், கண்டிப்பாகச் செய்வோம்.

இன்னொன்றையும் உன்னிடம்தான் சொல்ல முடியும். நான் பத்தாவதில் பெயிலான அன்று அப்பா என்ன செய்தார், ஞாபகம் இருக்கிறதா? நான் ஸ்டேஷனுக்கு ரிசல்ட் சொல்லப் போனேன். அவர் மைக்கைப் போட்டு, "பயணிகள் கவனிக்கவும், அறிவிப்பாளரின் மகன் கணக்கில் தோல்வி" என்று சொன்னார். பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டீக்கடைக்காரர் காசு வாங்காமல் எனக்கு டீ கொடுத்தார். அந்த டீ இன்னும் என் தொண்டையில் நிற்கிறது அக்கா. இனிமேல் யாரைப் பற்றியும் யார் வாயாலும் அப்படி ஒரு வார்த்தை வரக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். என் வேலையே அதில்தான் தொடங்கியது.

அவரை வெறுக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தூரத்தில் இருந்து நேசிக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
தம்பி


ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

இங்க எல்லாரும் சுகம்னு எழுதிடறேன், உனக்குப் பிடிக்குமே.

தூரத்துல இருந்து நேசிக்கிறியா? நல்லது. பக்கத்துல இருந்து படுக்கை மாத்தறதுக்கு ஆள் வேணும். மைக் கதை எனக்கும் தெரியும். அன்னைக்கு உனக்கு டீயாவது கிடைச்சுது. எனக்கு ஒம்பதாவதோட படிப்பை நிறுத்தினப்ப யாரும் அறிவிக்கக் கூட இல்ல.

இப்ப நான் பண்ணினதைச் சொல்றேன், உட்கார்ந்து படி.

உன் கிளையில இருந்து ஒரு சின்னப் பொண்ணு வீடு வீடா வந்தா. கையில கேமரா. "உங்க வீட்டுல மூத்தவங்க யாராவது இருக்காங்களாம்மா?"ன்னா. இருக்காரேன்னேன். அப்பாவை நாற்காலியில உட்கார வெச்சுப் போட்டோ எடுத்தா. கேள்வி கேட்டா, நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். தூக்கம்? வராது. காது? ஒண்ணு போச்சு. சுபாவம்? தட்டை வீசுவார். படுக்கை? நனையும். பிள்ளைகள்? பொண்ணு ஒருத்தி, உடம்பு முடியாதவ. பையன் ஒருத்தன், நல்லா இருக்கான். அவ எழுதிக்கிட்டே "இதெல்லாம் தலைமை அலுவலகத்துல அழகா மாத்திடுவாங்கம்மா"ன்னு எனக்கு ஆறுதல் வேற சொன்னா.

போட்டோவோட ஒரு அறிமுக அட்டை போட்டு வாசகப் பிரிவுத் தலைவர் மேஜைக்கு, அதாவது உன் மேஜைக்குத்தான் வரும்னு அவளே சொன்னா. நீ என் தம்பின்னு நான் சொல்லல. வரட்டும். பெத்த அப்பன் போட்டோவை உன் மேஜையில பாரு. கல்லும் கரையும்பாங்க, நீ கல்லு இல்ல, எனக்குத் தெரியும். அந்த அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டு அடுத்த ரயில்ல வருவே. நான் பெட்டி கட்டி வெச்சுட்டேன். அவரோட சட்டை நாலும் துவைச்சு மடிச்சாச்சு.

அப்பா பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார். பாதி கேட்டிருக்காதுன்னு நினைக்கறேன்.

சீக்கிரம் வா. வரும்போது கஷாயப் பொடி வாங்கிட்டு வா, இங்க கிடைக்கறது மட்டம்.

அக்கா


ஏப்ரல் 25

அன்பு அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலம்தானே? இங்கே நலம். கஷாயப் பொடி தபாலில் அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததா?

அப்பாவின் அட்டை வந்தது. போட்டோ நன்றாக வந்திருக்கிறது. கொஞ்சம் இளைத்திருக்கிறார், ஆனால் கண்ணில் அந்த மிடுக்கு அப்படியே இருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மற்ற அட்டைகளைப் போலவே இதையும் செய்தேன். என் கீழ் வேலை செய்பவர்கள் பார்க்கிறார்கள் அக்கா, ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தால் ஏன் என்று கேட்பார்கள். அச்சுக்குப் போன வாசகத்தை உனக்கு எழுதுகிறேன், நீயே சொல்.

"வணக்கம்! இவர் பயணிகளின் பிரியமான குரல். துடிப்பானவர், இரவிலும் விழிப்பானவர். சூடான சாப்பாட்டின் ரசிகர். தினமும் புது விரிப்பில் படுக்க விரும்புபவர். வலது பக்கம் உட்கார்ந்து பேசினால் உங்கள் நண்பர். உங்கள் வீட்டின் அன்பை வரவேற்கக் காத்திருக்கிறார்."

பொய் ஒன்றுகூட இல்லை, கவனித்தாயா? எனக்கே இதை எழுதிய பிறகு அவர்மேல் இருந்த கசப்பு குறைந்தது. இந்த மாதத்தின் சிறந்த அட்டை என்று மேலதிகாரி பாராட்டினார்.

ஆபரேஷன் தேதி சொல். உனக்காகப் பிரார்த்திக்கிறேன்.

அன்புடன்
தம்பி


மே 8

தம்பிக்கு,

பொடி வந்தது. வெந்நீர்ல போட்டுக் குடிக்கறேன்.

உன் லெட்டரைப் படிச்சிட்டு ஒரு நாள் முழுக்க மெஷின்ல உட்காரல. மாமா என்னன்னு கேட்டார், தலைவலின்னேன். நீ இப்படிச் செய்வேன்னு கனவுலயும் நினைக்கலடா. பிள்ளைகள்னு ஒரு வரி சொல்லி அனுப்பினேனே, அதைக் கூட விட்டுவைக்கல. துடைச்செறிஞ்சுட்டே.

அட்டையைப் பார்த்துட்டு ஒரு குடும்பம் வந்துட்டுது. டவுன் பக்கம் பேட்டரிக் கடை வெச்சிருக்கறவர். நாலு கார் பேட்டரியை ஒரு கையில தூக்கற உடம்பு. அவர் பெண்டாட்டியும் வந்தா. ரெண்டு பேரும் அப்பா வலது பக்கம் உட்கார்ந்து பேசினாங்க, அட்டையில படிச்சிட்டு வந்திருக்காங்களே. "ராத்திரி நிஜமாவே தூங்க மாட்டாரா?"ன்னு அந்த ஆள் என்னை ரெண்டு தடவை கேட்டார். ஆமான்னேன். "அருமை"ன்னார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

இருபதாம் தேதி வண்டியோட வர்றாங்க. எனக்கு இருபத்தி ரெண்டு ஆபரேஷன்.

நான் போய் வேண்டாம்னு சொன்னா நின்னுடும். ஆனா நான் ஏண்டா சொல்லணும்? ஆறு வருஷம் நான் சொன்னேன், செஞ்சேன். இந்தத் தடவை நீ சொல்லு. உன் ஆபீஸ்ல இருந்து ஒரு போன், "இந்த அட்டை நிறுத்தம்", அவ்வளவுதான். இருபதுக்குள்ள நீ சொல்லலேன்னா நானும் சொல்ல மாட்டேன். பார்க்கலாம், யாருக்கு முதல்ல மனசு கேட்கலேன்னு.

ஐயோ, உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். பதில் போடு.

அக்கா


ஜூலை 17

தம்பிக்கு,

நீ பதில் போடல. போனும் வரல. இருபதாம் தேதி காலையில வண்டி வந்தது, அப்பா நான் மடிச்சு வெச்ச சட்டையில ஒண்ணைப் போட்டுக்கிட்டு ஏறிட்டார். ஏறும்போது தெருவையே பார்த்தார். ஒரு அறிவிப்பும் பண்ணல. நான் கதவுப் பக்கம் நின்னேன். மாமா வெளியே வரவே இல்ல.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நீ பூங்கொத்து அனுப்பினே, நர்ஸ் பொண்ணுங்க ரொம்ப அழகுன்னாங்க.

நேத்து தையல் இழுக்க இழுக்க ஆட்டோ பிடிச்சு அப்பாவைப் பார்க்கப் போனேன். வீட்டுல இல்லையாம், கடைக்குப் பின்னாடி குடோன்ல இருக்காராம். உள்ளே நுழைஞ்சதும் மூக்கு எரியுது. ஆளுயரத்துக்குப் பழைய பேட்டரி அடுக்கி வெச்சிருக்கு. நடுவுல ஒரு கட்டில், ஒரு டார்ச், ஒரு விசில். விசில்டா! ராத்திரி காவலுக்குப் போட்டிருக்காங்க. இதுக்கு முன்னாடி இருந்த காவல்காரன் தூங்கித் தூங்கி விழுந்தானாம், நிறுத்திட்டாங்களாம். "உங்க அட்டையில போட்டிருந்தது நூத்துக்கு நூறு உண்மைம்மா, மனுஷன் கண்ணை மூடறதே இல்ல"ன்னு கடைக்காரர் எனக்கு நன்றி சொல்றார். இரவிலும் விழிப்பானவர். நீதானே எழுதினே?

அப்பா கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு. கையில அங்கங்கே பேட்டரி ஆசிட் பட்டுத் தோல் வெந்திருக்கு. "வர்றீங்களாப்பா?"ன்னு கேட்டேன். என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தார், பதில் சொல்லல. வந்துட்டேன்.

இதை நிறுத்து. உங்க அமைப்புல ஒரு சட்டம் இருக்குமே, பெரியவங்களை வேலை வாங்கக் கூடாதுன்னு. அதைச் சொல்லி மீட்டுக்கொடு.

எனக்குக் காயம் ஆறிட்டு வருது. நீ எப்படி இருக்கே?

அக்கா


ஆகஸ்ட் 11

அன்பு அக்காவுக்கு,

காயம் ஆறுவது கேட்டு நிம்மதி. இங்கே நலம். உன் மே மாதக் கடிதம் நான் வெளியூரில் இருந்தபோது வந்து மேஜையில் கிடந்தது. பார்த்தபோது இருபது தாண்டிவிட்டது. இதை நீ நம்ப வேண்டும்.

"வேலை வாங்கக் கூடாது" என்று எங்கள் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. நான்தான் "கூடாது"க்களை எல்லாம் எடுத்துவிட்டேனே. "மூத்தவரின் திறமையைக் குடும்பம் போற்றும்" என்று இருக்கிறது. கடைக்காரர் போற்றுகிறார் என்றுதான் கிளையில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நான் இதில் தலையிட்டால் என் அப்பா என்பது வெளியே வரும். ஒரு மகன் இருந்தும் அட்டை போட்டது எப்படி என்று கேட்பார்கள். யோசித்துப் பார்.

வேறு கோணத்தில் பார். அந்த வயதில் ஒரு பொறுப்பு, ஒரு கௌரவம். எத்தனை பேருக்கு வாய்க்கும்? எங்கள் ஆண்டு மலரில் அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் போடலாம் என்று மேலிடத்தில் விரும்புகிறார்கள். போட்டோ எடுக்கப் பையனை அனுப்பியிருக்கிறேன். டார்ச்சோடு நிற்கச் சொல்லியிருக்கிறேன், விசில் மட்டும் வேண்டாம் என்று.

கனமானது எதையும் தூக்காதே.

அன்புடன்
தம்பி


செப்டம்பர் 14

மகளுக்கும் மகனுக்கும்,

நலமா என்று கேட்பது முறை. கேட்டாச்சு. எனக்கு நலம் இல்லை.

ஸ்டாம்பு ஒண்ணுதான் கிடைச்சது. மகள் படிச்சிட்டு மகனுக்கு அனுப்பட்டும்.

அந்த அட்டையைக் கடையில மேஜைக் கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்காங்க. தினமும் படிக்கிறேன். எழுதினவன் யாருன்னு எனக்குத் தெரியும். அட்டைக்குக் கேள்வி கேட்ட அன்னைக்கு நான் பக்கத்துலதான் இருந்தேன், எனக்கு ஒரு காதுதான் போச்சு. மகனே, நல்லா எழுதியிருக்கே. அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எங்கேயாவது பார்த்தேன்னா நானே அழைச்சுட்டு வந்து வீட்டுல வெச்சுக்குவேன்.

இங்கே நான் சந்தோஷமா இருக்கேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ராத்திரி பூரா முழிச்சிருக்கணும், பகல்ல வண்டி வந்து இறக்கற சத்தத்துல படுக்க முடியல. கண் எரிச்சல் நிக்கல. விரிப்பு நனைஞ்சா நானே குழாயடியில அலசறேன், குனிஞ்சா எழ முடியல. போட்டோ எடுக்க ஒரு பையன் வந்தான். சிரிங்கன்னான். பல்லைக் காட்டினேன்.

கடைக்காரர் மோசமான மனுஷன் இல்ல. "யோவ் பெரிசு, தூங்கினா சோறு கிடையாது"ன்னு முகத்துக்கு நேரா சொல்றார். அதுல மட்டும் அவரை எனக்குப் பிடிக்கும். நம்ம வீட்டுல யாரும் எனக்கு எதையும் சொல்லல.

மகளே, ஜூலையில வந்தே. வர்றீங்களான்னு கேட்டே. வாங்கன்னு சொல்லல. வெளியே ஆட்டோ உறுமிக்கிட்டே இருந்தது, அதை நீ அணைக்கச் சொல்லல. நான் என்ன பதில் சொல்றது?

வெட்கத்தை விட்டுச் சொல்றேன். எனக்கு வீட்டுக்கு வரணும். எந்த வீடா இருந்தாலும் சரி. நாலு மாடியும் ஏறிடுவேன், உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவேன். தட்டை வீச மாட்டேன். வாசல்ல நின்னு கத்த மாட்டேன். உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் வந்து, வான்னு சொல்லுங்க. குளிர் தொடங்கறதுக்குள்ள சொல்லுங்க.

அப்பா


அக்டோபர் 9

அன்பு அக்காவுக்கு,

நலமா? அப்பாவின் கடிதத்தை நீ எனக்கு அனுப்பினாய், அதோடு ஒரு வரி கூட எழுதவில்லை. புரிந்துகொண்டேன்.

படித்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். அவளுக்குக் கேட்கக் கூடாது என்றுதான். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்பாவுக்குள் இப்படி ஒரு எழுத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. எனக்கு இது எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

நீதான் பக்கத்தில் இருக்கிறாய். உன் காயமும் ஆறிவிட்டது. என்ன செய்யலாம் என்று நீயே முடிவு செய், நான் முழு மனதோடு ஆதரிப்பேன்.

அதுவரைக்கும் ஒரு விஷயம். ஆண்டு மலர் அச்சுக்குப் போகிறது. போட்டோவின் கீழே போட ஒரு வாசகம் தேவை. நான் எத்தனையோ எழுதிப் பார்த்தேன், எதுவும் அப்பாவின் கடிதத்துக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. அதனால் அவருடைய சொற்களையே எடுத்திருக்கிறேன். நானாக ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை, கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

"வெட்கத்தை விட்டுச் சொல்றேன். இங்கே நான் சந்தோஷமா இருக்கேன். கடைக்காரர் மோசமான மனுஷன் இல்ல. அவரை எனக்குப் பிடிக்கும்."

அந்த ஒரு "இல்ல"வுக்காக மேலிடத்தில் தனியாக அனுமதி வாங்கினேன். உனக்குச் சம்மதம் என்றால் மட்டும்தான் போடுவேன். மாதக் கடைசிக்குள் உன் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

குளிர் வருகிறது, காதை மூடிக்கொள்.

அன்புடன்
தம்பி


டிசம்பர் 19

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். மாமா முதுகும் இப்ப தேவலாம். உனக்கு வயித்தெரிச்சல் நின்னுச்சா?

உங்க மலர் வந்தது. வழுவழு காகிதம். அப்பா டார்ச்சோட நிக்கறார், பின்னாடி இருக்கற பேட்டரியெல்லாம் தெரியாதபடி எடுத்திருக்கான். கண்ணு சிவப்பையும் எடுத்துட்டாங்க. பல்லு தெரியுது. கீழே நீ சொன்ன வாசகம்.

நான் பதில் போடல. மறக்கல, வேணும்னுதான் போடல. மூணு தடவை பேப்பர் எடுத்தேன். உன்னைக் கிழி கிழின்னு கிழிக்கணும்னுதான் எடுத்தேன். "போடாதே"ன்னு எழுதினா அடுத்த வரி "நான் போய் அவரைக் கூட்டிட்டு வர்றேன்"னு எழுதணும். பேனா அங்கேயே நின்னுடுச்சு. பேப்பரை மடிச்சு உள்ளே வெச்சுட்டேன்.

கட்டில் இருந்த இடத்துல ரெண்டாவது மெஷின் போட்டிருக்கேன்டா. தெருக்கோடியில இருக்கற பொண்ணு வந்து தைக்கறா. வீடு வாசனையா இருக்கு. ராத்திரி படுத்தா காலையிலதான் முழிக்கறேன். ஆறு வருஷம் கழிச்சுத் தூங்கறேன். அந்தத் தூக்கத்தை விட மனசு வரல. என்னை ராட்சசின்னு நினைச்சுக்கோ, நான் மறுக்கல. ஆனா நீ நினைக்க மாட்டே, உனக்கு அந்த வார்த்தையே கிடையாதே.

போன வாரம் உங்க கிளைப் பொண்ணு வந்தா. அப்பாவுக்கு ராத்திரி எல்லாம் இருமலாம். சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டா. "அப்படிச் சொல்லக் கூடாதும்மா, குளிருக்குப் பழகிட்டு இருக்கார்"னு திருத்திக்கிட்டா. கேட்டுக்கிட்டேன். கஷாயப் பொடியில பாதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினேன். நான் போகல.

பக்கத்து வீட்டம்மா வாரத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கிட்டே இருந்தா, "பெரியவர் எங்கே, பெரியவர் எங்கே"ன்னு. அவ கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும், ஏதாவது சொல்லி மழுப்பிடுவேன். இந்தத் தடவை கேட்டதும் உள்ளே ஓடிப் போய் மலரைக் கொண்டு வந்து அந்தப் பக்கத்தைப் பிரிச்சுக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிச்சா. கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "கொடுத்து வெச்ச மனுஷன்"னா. ஆமான்னேன். "எப்பம்மா திரும்பி வருவார்?"னு கேட்டா.

"எத்தனையோ தடவை வாங்கப்பா வாங்கப்பான்னு கூப்பிட்டுப் பார்த்துட்டேன், அவருக்கு அங்கேயே பிடிச்சுப் போச்சு"ன்னு சொன்னேன். நாக்கு ஒரு இடத்துல கூடத் தடுக்கலடா.

இங்க எல்லாரும் நலம்.

அக்கா